தட்டை எடுத்தால் விரிப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது!
வாசகர் கேள்வி – பதில்

இசைத்தட்டு கேட்பவர்களை வாட்டும் நிலைமின்சாரம், அதாவது தட்டின் மேல் ஓடாமல் தேங்கி நிற்கும் மின்னூட்டம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எல்பி இசைத்தட்டு ஓடும்போது நடுநடுவே 'டப்', 'டப்' என்று சத்தம். கீறலா, தூசியா, நிலைமின்சாரமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி ஆகும். 45 வேகத்தில் 1.33 வினாடி. அந்த இடைவெளி பிசகாமல் சத்தம் வந்தால் அது குறுக்கே விழுந்த கீறல். இடைவெளி ஒழுங்காக இல்லையென்றால் அதே பகுதியை இன்னொரு முறை ஓட்டுங்கள். பாட்டின் அதே சொல்லில், அதே தாளத்தில் மறுபடியும் சத்தம் வந்தால், ஊசி ஓடும் வரிப்பள்ளத்துக்குள் ஏதோ இருக்கிறது: தூசியாக இருக்கலாம், தட்டு அச்சானபோதே விழுந்த குறையாகவும் இருக்கலாம். முதல் தடவை ஓரிடத்தில், அடுத்த தடவை வேறிடத்தில் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால்தான் நிலைமின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

வேறு அடையாளங்களும் உண்டு. உறையிலிருந்து தட்டை இழுக்கும்போது படபடவென்று பொரியும். முன்கையை அருகில் கொண்டுபோனால் மயிர் எழும்பி நிற்கும். துடைத்த இரண்டாம் நிமிடமே தூசி திரும்பி வந்து உட்காரும். இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வோம். நிலைமின்சாரம் நேரடியாக எழுப்பும் சத்தத்தைவிட, அது இழுத்து வைக்கும் தூசியால் வரும் சத்தம்தான் அதிகம். ஊசி அந்தத் தூசியின் மேல் ஏறி அதைப் பள்ளத்தின் சுவரில் அழுத்திவிட்டால், பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. தண்ணீர் போட்டுக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: தட்டை ஒரு கம்பியால் எர்த் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. தட்டு பிவிசி வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் மின்சாரம் ஓடாது. உலோகத் தட்டாக இருந்தால் ஓர் ஓரத்தில் கம்பியை வைத்ததுமே மொத்த மின்னூட்டமும் வழிந்து போய்விடும். பிவிசியில் மின்னூட்டம் எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கும். விரலால் தொட்டால் தொட்ட இடம் மட்டும் தணியும். அரை அங்குலம் தள்ளி அப்படியே இருக்கும். கறுப்பு நிறத்துக்காகக் கார்பன் தூளைச் சேர்த்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அது நிறம் கொடுக்கிற அளவுதான். மின்சாரம் கடத்தப் போதாது. 1981இல் ஆர்சிஏ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த சிஇடி என்ற, ஊசியால் படிக்கும் வீடியோ தட்டுகளில்தான் பிவிசியே மின்கடத்தும்படி கார்பனை மிக அதிகமாகக் கலந்தார்கள். பாட்டுத் தட்டுகள் அப்படிச் செய்யப்படுவதில்லை.

மின்னூட்டம் எப்போது உண்டாகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஊசி உரசுவதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு வருவது, ஒட்டியிருந்த இரண்டு பரப்புகள் பிரியும்போதுதான். காகித உறையிலிருந்து தட்டு உருவப்படும் கணம், அடியில் போட்டிருக்கும் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) விரிப்பிலிருந்து மேலே எழும்பும் கணம், துணி துடைத்துவிட்டு விலகும் கணம். கம்பளி, தோல், காகிதம், கை என்று எதை விட்டுப் பிரிந்தாலும் பிவிசி எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் தட்டில் இருப்பது அநேகமாக எப்போதுமே எதிர்மின்னூட்டம். இதை நினைவில் வையுங்கள், அயனித் துப்பாக்கி பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

ஆக, வழி மூன்றுதான். மின்னூட்டம் உண்டாகாதபடி கையாள்வது. காற்றின் ஈரத்தால் மெல்லக் கசியவிடுவது. கார்பன் இழைகளையோ, அயனிகளையோ (மின்னூட்டம் ஏறிய காற்றுத் துகள்கள்) பரப்பு முழுக்கக் கொண்டுபோய் இடம் இடமாகத் தணிப்பது.

கேள்வி: எந்த உள் உறை நல்லது? தட்டோடு வந்த காகித உறையையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மாற்றிவிடுங்கள். வெறும் காகிதம் நார் உதிர்க்கும், மெல்லிய கோடுகளைப் போடும், உருவும்போது மின்னூட்டமும் ஏற்றும். அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், அதாவது ஹெச்டிபிஇ உறைகளை வாங்குங்கள். இரண்டு ஹெச்டிபிஇ தாள்களுக்கு நடுவே காகிதம் வைத்த மூன்றடுக்கு உறைகள் விறைப்பாக நிற்பதால் அட்டைக்குள் செருகுவது சுலபம். காகிதம் இல்லாமல் வெறும் ஹெச்டிபிஇ என்றால் மென்மை அதிகம், ஆனால் அட்டைக்குள் மடங்கிக்கொள்ளும். பிவிசி உறை மட்டும் எந்த இடத்திலும் வேண்டாம். அதை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து தட்டின் மேல் மங்கல் படலமாகப் படியும். அந்தப் படலம் கழுவினாலும் போகாமல் நிற்பதுண்டு.

உறையைவிட எடுக்கும் விதம் முக்கியம். உறையின் வாயை லேசாகப் பிதுக்கி அகலப்படுத்துங்கள். தட்டின் விளிம்பில் கட்டைவிரலும் நடு லேபிளில் மற்ற விரல்களுமாகப் பிடித்து, உறையின் சுவரில் உரசாமல், மெதுவாக எடுங்கள். உறையைச் சாய்த்துத் தட்டைச் சரேலென்று கையில் விழவிடுவது ஒரு கெட்ட பழக்கம்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். 'ஆன்டி ஸ்டாட்டிக்' என்று அச்சிட்ட உறை புதிதாக மின்னூட்டம் ஏறுவதைக் குறைக்கும். ஏற்கெனவே ஏறியதை எடுக்காது. கேட்டு முடித்த தட்டைத் தணித்துவிட்டு உள்ளே வைத்தால்தான் அடுத்த முறை வெளியே எடுக்கும்போது அமைதியாக வரும்.

கேள்வி: கார்பன் இழை பிரஷ் வாங்கினேன். துடைத்த பிறகு தூசி முன்பைவிட அதிகமாக ஒட்டுகிறது. போலி பிரஷ்ஷா?

பதில்: இழைகள் அசல் கார்பனாகவே இருக்கலாம். பாதை அறுந்திருக்கிறது என்பதே எங்கள் சந்தேகம். இழையில் ஏறும் மின்னூட்டம் கைப்பிடியின் உலோகத்துக்கு வந்து, அங்கிருந்து உங்கள் கைக்கு வந்து, உங்கள் உடலிலிருந்து எர்த்துக்குப் போக வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அது வெறும் தூசி பிரஷ்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மின்தடை அளக்கும் நிலையில் வையுங்கள். சமையலறை அலுமினியத் தாள் ஒரு துண்டை மேசையில் விரித்து, இழைகளை அதன் மேல் லேசாக அழுத்துங்கள். ஒரு முனை தாளில், இன்னொரு முனை நீங்கள் கைவைக்கும் உலோகப் பகுதியில். சில ஆயிரம் ஓமிலிருந்து சில மெகா ஓம் வரை எது காட்டினாலும் போதும். இங்கே ஓடுவது அத்தனை சிறிய மின்னோட்டம். எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் இழைக்கட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் பிளாஸ்டிக்கோ பசையோ இருக்கிறது. கைப்பிடி உலோகம் போலப் பளபளக்கும், மேலே அனோடைஸ் பூச்சு (அலுமினியத்தின் மேல் உண்டாக்கும் ஆக்சைடு படலம்) இருக்கும்; அந்தப் பூச்சும் மின்கடத்தாது. மின்கடத்தும் பசையுள்ள மெல்லிய செம்புத் தாள் நாடாவை இழைக்கட்டின் ஓரத்திலிருந்து விரல் படும் இடம் வரை ஒட்டிவிட்டால் பாதை சரியாகிவிடும்.

அடுத்தது உங்கள் உடல். ரப்பர் செருப்போடு கம்பளத்தில் நிற்கிறீர்கள் என்றால் நீங்களே மின்னூட்டம் ஏறிய ஆள். பிரஷ் பிடிக்காத கையால் ஆம்ப்ளிஃபையரின் பூச்சில்லாத உலோகத் திருகை, முறையாக எர்த் ஆகியிருக்கும் பட்சத்தில், தொட்டுக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் பட்டறைகளில் கட்டும் மணிக்கட்டுப் பட்டையும் நல்லது. அதில் பாதுகாப்புக்காக 1 மெகா ஓம் மின்தடை உள்ளேயே இருக்கும். இரண்டு முள் பிளக் உள்ள கருவிகளில் எர்த் இணைப்பே கிடையாது என்பதையும் கவனியுங்கள். எர்த் வேண்டும் என்று சுவர் பிளக்கின் துளையில் வெறும் கம்பியை ஒருபோதும் செருகாதீர்கள்.

துடைக்கும் முறை: தட்டு சுழலட்டும். இழை நுனிகள் பள்ளத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி குறுக்கே பிடியுங்கள்; இழை வளைகிற அளவு அழுத்தினால் அதுவே உரசி மின்னூட்டம் ஏற்றும். இரண்டு மூன்று சுற்று போதும். பிறகு பிரஷ்ஷை மெல்ல வெளி விளிம்பை நோக்கி நகர்த்தி, சேர்ந்த தூசியோடு வெளியே எடுத்துவிடுங்கள். நடுவிலேயே தூக்கினால் தூசி ஒரு கோடாக அங்கேயே கிடக்கும். ஓர் இழை சுமார் 7 மைக்ரான் தடிமன், பள்ளத்தின் மேல் அகலம் ஏறத்தாழ 50 மைக்ரான். ஆகவே இழை உள்ளே நுழையும், தளர்வான தூசியை எடுக்கும். ஒட்டிக்கொண்ட அழுக்கை எடுக்கும் வலு அதற்கு இல்லை.

கேள்வி: நிலைமின்சாரத்தைத் தணிக்கும் ஸீரோஸ்டாட் அயனித் துப்பாக்கி வாங்கி, சுழலும் தட்டின் மேல் பத்துத் தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன். பலன் இல்லை.

பதில்: இரண்டு இடத்தில் தவறு நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலாவது, அழுத்திய வேகம். உள்ளே இருப்பது பீசோ படிகம். விசையை அழுத்தினால் படிகம் நெருக்கப்பட்டு ஊசிமுனையில் உயர் மின்னழுத்தம் வரும். அப்போது நேர்மின் அயனிகள் வெளிப்படும். விடும்போது எதிர்மின் அயனிகள். மெதுவாகச் செய்தால் அயனிகள் காற்றில் கலந்து தட்டுக்குப் போகும். வெடுக்கென்று அழுத்தினால் உள்ளேயே பொறி பறந்து 'டிக்' என்ற சத்தத்தோடு முடிந்துவிடும். தட்டுக்கு ஒன்றும் வராது. அழுத்த இரண்டு மூன்று வினாடி, விட இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூரம் சுமார் 30 செ.மீ.

இரண்டாவது, தட்டு இருந்த இடம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. உலோகப் பிளாட்டரின் (தட்டைத் தாங்கிச் சுழலும் வட்டமேடை) மேல் தட்டு கிடக்கும்போது, மின்னூட்டத்தின் இழுவிசை பெரும்பாலும் கீழே உள்ள உலோகத்தை நோக்கியே இருக்கும். மேலே வெளிப்படுவது கொஞ்சம்தான். மேலே இழுவிசை இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் அயனிகளைத் தட்டு தன் பக்கம் இழுக்காது. அதே தட்டைக் கையில் தூக்கியதும் பிளாட்டருக்கும் அதற்கும் உள்ள மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன்) குறைகிறது, மின்னூட்டம் மாறவில்லை, ஆகவே மின்னழுத்தம் பல மடங்கு எகிறுகிறது. பிளாட்டரில் சாதுவாக இருந்த தட்டு தூக்கியதும் பொரிவதற்குக் காரணம் இதுதான். ஆகவே விளிம்பைப் பிடித்து அந்தரத்தில் வைத்துக்கொண்டு, மேசையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி, இரு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். தட்டில் இருப்பது எதிர்மின்னூட்டம் என்று சொன்னோமே, அதனால் தணிப்பது அழுத்தும் பாதிதான். அழுத்தும்போது தட்டை நேராகக் குறிவையுங்கள். விடும்போது சற்றுப் பின்னால் போங்கள். டிஷ்யூ தாளிலிருந்து ஒரு மெல்லிய இழையைக் கிழித்து விளிம்பருகே தொங்கவிட்டுப் பாருங்கள். தட்டை நோக்கிச் சாய்ந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஊசி பொருத்திய கேட்ரிஜுக்கு அருகில் இந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தாதீர்கள். எதிர்மின் அயனிகளை மட்டும் வெளிவிடும் காற்றுச் சுத்திகரிப்பானும் டர்ன்டேபிள் இருக்கும் அறைக்கு ஏற்றதல்ல; ஏற்கெனவே எதிர்மின்னூட்டம் உள்ள பொருளுக்கு அது உதவாது.

கேள்வி: கதிரியக்கத்தால் காற்றை அயனியாக்கும் போலோனியம் வைத்த பழைய பிரஷ் ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். போலோனியம்-210இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 138 நாள். ஓராண்டில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும், சில ஆண்டுகள் கழிந்தால் அயனியாக்கும் சக்தி ஏறக்குறைய பூஜ்யம்.

கேள்வி: ஃபெல்ட் விரிப்பு தட்டோடு ஒட்டிக்கொண்டு எழும்பி, பாதி வழியில் பொத்தென்று விழுகிறது. எதற்கு மாற்றுவது?

பதில்: கார்க், ரப்பர், அல்லது இரண்டும் கலந்தது. கார்க் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், பிவிசியோடு பிரியும்போது கம்பளி அளவுக்கு மின்னூட்டம் ஏற்றாது. மலிவான கார்க் தூள் உதிர்க்கும். விரலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். ஃபெல்ட்டைப் பிளாட்டரோடு இரட்டைப் பசை நாடாவால் ஒட்டிவிடலாம் என்று சொல்வார்கள். அதனால் விரிப்பு எழும்பாது. மின்னூட்டம் ஏறுவது ஏறிக்கொண்டுதான் இருக்கும். விரிப்பே இல்லாத அக்ரிலிக் பிளாட்டரிலும் இந்தத் தொல்லை வரும். அக்ரிலிக்கும் பிவிசியும் மின்னூட்ட வரிசையில் (உரசும்போது எது எலக்ட்ரானை இழக்கும், எது பிடிக்கும் என்ற வரிசை) எதிரெதிர்ப் பக்கம் சாய்பவை.

தடிமனை மறந்துவிடாதீர்கள். 3 மி.மீ. விரிப்பை எடுத்துவிட்டு 1 மி.மீ. விரிப்பைப் போட்டால் தட்டு 2 மி.மீ. கீழே இறங்கும். சுமார் 230 மி.மீ. நீளமுள்ள டோன் ஆர்மில் (கேட்ரிஜைத் தாங்கும் கை) 1 மி.மீ. மாற்றம் ஏறத்தாழ கால் பாகை. உங்களுக்கு அரைப் பாகை சாய்வு மாறியிருக்கும். ஆர்மின் உயரத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தால் 2 மி.மீ. இறக்குங்கள். வசதி இல்லையென்றால் பழைய தடிமனிலேயே புதிய விரிப்பு தேடுங்கள். ஊசி எடையையும் (ஊசி தட்டை அழுத்தும் எடை) புதிய விரிப்பின் உயரத்தில் வைத்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அறையின் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: 45 முதல் 55 சதவீதம். 40க்குக் கீழே போனால் மேலே சொன்ன எதுவும் அரைகுறையாகத்தான் பலிக்கும். 65ஐத் தாண்டவிட்டால் அட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். ஏசியும் ஹீட்டரும் காற்றை உலர்த்திவிடும் என்பதால் ஊகிக்காமல் ஓர் ஈரப்பதமானியை டர்ன்டேபிளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அல்ட்ராசானிக் ஈரமூட்டி வைத்திருப்பவர்கள் அதில் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளைத் தூளாக அறை முழுக்கப் பறந்து தட்டின் மேல்தான் வந்து உட்காரும்.

கேள்வி: கழுவி, ஈரத்தைக் குழலால் உறிஞ்சும் வாக்குவம் இயந்திரத்தில் நன்றாக உலர்த்திய பிறகும் தட்டு பொரிகிறது. தண்ணீர் பட்டால் நிலைமின்சாரம் போகும் என்கிறார்களே?

பதில்: போகும். ஈரப் படலம் இருக்கும்வரை மின்னூட்டம் நிற்காது. நீங்கள் 'நன்றாக' உலர்த்தியதுதான் வினை. தண்ணீர் உறிஞ்சப்பட்ட பிறகும் தட்டைச் சுழலவிட்டால், குழலின் வெல்வெட் உதடு காய்ந்த பிவிசியை உரசிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று, அதோடு நிறுத்துங்கள். மிச்ச ஈரம் தானாகக் காய, தூசியில்லாத இடத்தில் தாங்கியில் நிறுத்தி வையுங்கள்.

கழுவும் நீர் எளிமையாக இருக்கட்டும்: 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீர், அதில் ஃபிலிம் கழுவப் பயன்படுத்தும் ஈரமாக்கித் திரவம் சில துளி. நுரை வரும் அளவு ஊற்றாதீர்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலசுங்கள். அலசாமல் விட்டால் படலம் காய்ந்து ஊசி நுனியில் வெள்ளையாகச் சேரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்ப்பவர்கள் 78 வேகத் தட்டுகளை அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. பழைய 78கள் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

கேள்வி: துணி உலர்த்தும்போது போடும் ஆன்டி ஸ்டாட்டிக் தாளால் துடைக்கலாமா? வீட்டு உபயோக ஸ்பிரே?

பதில்: இரண்டும் கூடாது. அவை வேலை செய்வதே மெழுகு போன்ற படலத்தைப் பூசித்தான். துணிக்கு அது சரி. பள்ளத்துக்குள் போனால் தூசியைச் சேர்த்துக் குழைத்து ஊசியில் ஒட்டவைக்கும்.

கேள்வி: டோன் ஆர்மைத் தொட்டதும் ஸ்பீக்கரில் 'தொம்' என்று பெரிய சத்தம். கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தால் பதிவே நின்றுவிடுகிறது.

பதில்: இங்கே மின்னூட்டம் தட்டில் அல்ல, உங்கள் உடலில். விரலில் சுருக்கென்று உணர ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் உங்களுக்குத் தெரியாது, மில்லிவோல்ட் கணக்கில் வேலை செய்யும் கேட்ரிஜுக்குத் தெரியும். ஆர்மைத் தொடுவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலைத் தொடுவதைப் பழக்கமாக்குங்கள். ஊசியை இறக்கும்வரை ஒலி அளவு குறைந்தே இருக்கட்டும். பிறகு இணைப்பைச் சோதியுங்கள். டர்ன்டேபிளிலிருந்து வரும் தனி எர்த் கம்பி ஃபோனோ ஆம்பின் (கேட்ரிஜின் சிறிய ஒலியைப் பெருக்கும் கருவி) ஜிஎன்டி எனக் குறித்த எர்த் திருகில் இறுக்கமாக இருக்கிறதா? மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஆர்மின் உலோகக் குழாய்க்கும் அந்தக் கம்பியின் முனைக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். சில ஓம் காட்ட வேண்டும். திறந்த சுற்று என்றால் ஆர்மின் அச்சுப் பக்கம் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. யுஎஸ்பி வழியாகப் பதிவு செய்பவர்களுக்கு, மடிக்கணினி பேட்டரியில் மட்டும் ஓடும்போது இந்தச் சத்தம் மோசமாக இருந்தால், எர்த் பாதையே இல்லை என்பது உறுதி.

கேள்வி: நிலைமின்சாரம் ஊசியையோ பதிவையோ கெடுக்குமா?

பதில்: பதிவை அழிக்காது, அது காந்த நாடா அல்ல. ஆனால் மின்னூட்டம் ஏறிய தட்டு, ஆர்மின் தலைப்பகுதியைத் தன் பக்கம் இழுக்கும். நீங்கள் ஊசி எடையை 1.8 கிராம் வைத்திருந்தாலும் ஊசி அதைவிட அதிக எடையில் ஓடும். வளைந்த தட்டில் இடத்துக்கு இடம் மாறியும் ஓடும். 1978இல் வந்த ஷூர் வி15 டைப் 4 கேட்ரிஜின் முன்னால் மின்கடத்தும் கார்பன் இழைகளால் ஆன சிறு பிரஷ் வைத்திருந்தார்கள். ஊசிக்கு முன்னாலேயே சென்று தூசியைத் தள்ளுவதும், மின்னூட்டத்தைத் தணிப்பதும், வளைந்த தட்டில் ஆர்மைத் தாங்குவதும் அதன் வேலை. அப்படிப் பிரஷ் உள்ள கேட்ரிஜ் வைத்திருப்பவர்கள் அது தாங்கும் எடையையும் சேர்த்து ஊசி எடையை வைக்க வேண்டும். அந்த மாதிரியில் அது அரை கிராம். ஊசிக்கு 1 கிராம் வேண்டுமென்றால் தராசில் 1.5 காட்டும்படி வையுங்கள். பிரஷ்ஷை மேலே மடக்கிவிட்டு ஓட்டினால் அந்த அரை கிராமைக் குறைக்க மறக்காதீர்கள்.